குண்டம் இறங்கிய கால்

எங்கள் நர்சிங் கல்லூரியின் ஆசிரியர் அறையில் ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, சக ஆசிரியை ஒருவர் சொன்ன கருத்து எனக்கு இன்னும் செரிக்கவில்லை. நோயாளிகளுக்கான ஆன்மீகப் பராமரிப்பு என்ற பகுதியை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது என்று பேச்சு வந்தபோது அவர் சிரித்துக்கொண்டே, "நம்ம பிள்ளைகளுக்கு இதையெல்லாம் போய்த் தனியாச் சொல்லிக் குடுக்கோணுங்களா மேடம்? பொறந்ததுல இருந்து கோயில் குளம்னு வளந்ததுகதானுங்களே" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கோபி, பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பெண்கள். மாரியம்மன் பண்டிகைக்குப் பூச்சாட்டு எப்போது, கம்பம் நடுவது எப்போது, யார் வீட்டு மாவிளக்கு முதலில் போகும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன பொருள் வைத்திருக்கிறார்கள் என்பதை எனக்கு முன்பே தெரிந்துகொண்டு வந்து சொல்வார்கள். அப்படியிருந்தும் அந்தக் கருத்தில் ஏதோ ஒன்று தப்பாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நம்பிக்கைக்குள் வளர்ந்த பெண்ணுக்கு அடுத்தவரின் நம்பிக்கை தானாகவே புரிந்துவிடும் என்றுதானே அதற்குப் பொருள்? வார்டில் நான் பார்ப்பது அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

மாணவிகளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. அமெரிக்க நர்சிங் அறிஞர் வர்ஜீனியா ஹெண்டர்சன் வகுத்த 14 அடிப்படைத் தேவைகளை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்கள். மூச்சுவிடுதலில் தொடங்கும் அந்தப் பட்டியலில் பதினோராவது, தன் நம்பிக்கைப்படி வழிபடுதல். பாலியேட்டிவ் கேர் எனப்படும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2002ல் தந்த வரையறையில் உடல், மனம், சமூகம் ஆகியவற்றோடு ஆன்மீகமும் இடம்பெற்றிருப்பதை எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். ஆன்மீக வேதனை என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு நர்சிங் டயக்னோசிஸ், அதாவது நர்ஸ் கண்டறிந்து குறிக்க வேண்டிய பிரச்சினை, என்பதும் தெரியும். முதுகலை மாணவிகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். வில்ஃப்ரெட் மெக்ஷெரியும் உடனிருந்தவர்களும் 2002ல் வெளியிட்ட, ஆன்மீகப் பராமரிப்பு குறித்த 17 வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை எடுத்து இளங்கலை மாணவிகளிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் உடன்படுகிறேன், உடன்படவில்லை என்று குறிக்கச் சொல்வார்கள். போதிய அறிவு, மிதமான அறிவு, போதாத அறிவு என்று மூன்று பெட்டிகளில் பிள்ளைகளைப் போட்டு ஆய்வேட்டை முடிப்பார்கள். நான் வழிகாட்டிய ஆய்வேடுகளும் அதில் அடக்கம் என்பதால் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நல்ல வாக்கியத்தோடு உடன்படுவது யாருக்கும் கடினமில்லை என்பதைத்தான் சொல்கிறேன். நோயாளியின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்தால் எந்தப் பெண் மறுத்துக் குறிப்பாள்?

ஆனால் அதே பெண் வார்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வரும் கேர் பிளானில், அதாவது நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத் தாளில், ஆன்மீகத் தேவை என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும். நோயாளி இந்து, கடவுள் நம்பிக்கை உள்ளவர், பிரார்த்தனை செய்ய ஊக்குவிக்கப்பட்டார். இந்து என்ற இடத்தில் முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மாறும்; மற்றது மாறாது. மூச்சுத்திணறலோடு வந்தவருக்கும் இதே வரி, குடலிறக்கத்துக்கு வந்தவருக்கும் இதே வரி. பலன் என்ற கட்டத்தில், நோயாளி மன அமைதியுடன் காணப்பட்டார் என்று முடிந்திருக்கும். அந்த அமைதியை யார் எப்போது பார்த்தார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

எழுதாமல் செய்வது

விசித்திரம் என்னவென்றால், இதே பிள்ளைகள் கையால் செய்கிற காரியங்களைப் பார்த்தால் எழுதியதை நம்ப முடியாது. அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பும் காலை நேரத்தில் பெண்கள் வார்டில் போய் நின்றால் தெரியும். மின்சாரத்தால் வெட்டி இரத்தத்தை நிறுத்தும் டையதெர்மி கருவியால் உலோகம் படும் இடத்தில் சூடு பட்டுவிடக் கூடும் என்பதால் உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாது. தோடு, வளையல், மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிடுகிற பெண், தாலிக்கொடி என்றதும் கையால் பொத்திக்கொள்வார். கணவர் வெளியே நிற்கிறார், அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் தன் வயிற்றில் இருக்கிற கட்டியைவிடப் பெரிதாக நிற்கும். இந்தச் சமயத்துக்கென்று எங்கள் பிள்ளைகள் சிலர் மஞ்சள் நனைத்த நூலும் விரலி மஞ்சள் துண்டும் பையில் வைத்திருக்கிறார்கள். முதலில் மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டிவிட்டு அதன் பிறகே தங்கக் கொடியைக் கழற்ற வேண்டும், கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது என்ற வரிசை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை. எந்தக் கேர் பிளானிலும் நான் இதைப் படித்ததில்லை. ஏன் எழுதவில்லை என்று ஒருத்தியிடம் கேட்டேன். "இது சும்மா செய்யறதுதானுங்க மேடம், இதையும் எழுதோணுங்களா?" என்றாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இப்படித்தான். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் சொன்னதும் நம் பக்கத்துக் குடும்பங்கள் முதலில் கேட்பது, உசுரோடு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட முடியுமா என்பதைத்தான். மூச்சுக் கொடுக்கும் அம்புப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே ஆம்புலன்சில் போய், தோட்டத்து வீடான சாளையின் வாசலில் கட்டிலை இறக்கி, பேரன் பேத்தி வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றும்வரை உடனிருந்த ஸ்டாஃப் நர்சுகளை எனக்குத் தெரியும். கோப்பில் அது மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்லப்பட்டார் என்ற ஒற்றை வரி. அந்த வரியைப் படிக்கிறவருக்கு ஏதோ பொறுப்பில்லாத குடும்பம் என்றுதான் தோன்றும்.

ஆக, செய்யத் தெரிந்தவர்கள்தான். சடங்காக இருக்கும்வரை அவர்களுக்குச் சிக்கலே இல்லை. கயிறு, திருநீறு, பள்ளிவாசலில் ஓதிக்கொண்டு வந்த தண்ணீர், தலையணைக்கு அடியில் ஜெபமாலை, எதுவானாலும் கை தானாகப் போகும். சடங்கால் தீராத ஒன்றை நோயாளி சொல்லத் தொடங்கும்போதுதான் எங்கள் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தடுமாறுவதுகூடப் பரவாயில்லை, ஆறுதல் சொல்லிவிடுகிறார்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, சாமி பாத்துக்கும்." இந்த வாக்கியம் பானைக்கு மூடி போட்ட மாதிரி. உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது என்ன என்பது அதன் பிறகு தெரியவே போவதில்லை.

ஆத்தா சுட்டுப்போட்டா

அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அறுபதைக் கடந்தவர், பல வருடமாகச் சர்க்கரை நோய், காட்டு வேலை செய்து காய்த்துப்போன கால்கள். ஊர் மாரியம்மன் பண்டிகையில் காப்புக் கட்டி, விரதம் இருந்து, வருடம் தவறாமல் குண்டம் இறங்குகிறவர், அதாவது கங்கு பரப்பிய குழியில் வெறுங்காலோடு நடக்கிறவர். அந்த வருடம் இறங்கியபோது கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் கங்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. அதோடு நடந்து வந்து, கோயிலைச் சுற்றி, வீட்டுக்கு வந்து ஒறம்பரைகளுக்குச் சோறும் போட்டிருக்கிறார். சாயங்காலம் கால் கழுவும்போது பேத்திதான் கொப்புளத்தைப் பார்த்துக் கத்தினாளாம். மஞ்சளும் திருநீறும் பூசி வைத்துப் பார்த்து, விரல் கறுத்து நாற்றம் எடுத்த பிறகு எங்கள் பிள்ளைகள் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்ச்சி மங்கிப்போகும் என்பது பாடம். அந்த வாரம் அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த கோபிப் பக்கத்துப் பெண் அதை அருமையாகச் சோதித்திருந்தாள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை, பாட்டியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, புண் இல்லாத இன்னொரு பாதத்தில் ஒவ்வோர் இடமாக வைத்து, தெரியுதுங்களா, தெரியுதுங்களா என்று கேட்டுக் குறித்திருந்தாள். பாட்டிக்குக் குதிகாலிலும் விரல் நுனிகளிலும் ஒன்றும் தெரியவில்லை. காயத்தின் அளவு, நிறம், கசிவு, சர்க்கரை அளவு, இன்சுலின் வேளை எல்லாம் பிசகில்லாமல் எழுதப்பட்டிருந்தன. கடைசிக் கட்டத்தில், நோயாளி இந்து, கடவுள் நம்பிக்கை உள்ளவர், பிரார்த்தனை செய்ய ஊக்குவிக்கப்பட்டார். குண்டம் இறங்கிய கால் அழுகி வந்திருக்கிறது என்று மேலே எழுதியவளே கீழே இதையும் எழுதியிருந்தாள்.

வார்டில் அந்தப் பாட்டியோடு யாரும் கடுமையாக இல்லை, ஆனால் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர், கட்டுப் போட வந்த ஸ்டாஃப், பக்கத்துக் கட்டில்காரர் என்று ஆள் மாற்றி ஆள், சக்கரைய வெச்சுக்கிட்டு எதுக்குங்க குண்டம் எறங்குனீங்க என்று கேட்டார்கள். பாட்டி ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை. ஊரிலிருந்து பார்க்க வந்தவர்களைப் பார்க்க மாட்டேன் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். வலியை 0 முதல் 10 வரை சொல்லச் சொன்னால், "வலியே இல்லீங்" என்பார். அது உண்மையும்கூட. அந்தக் காலில் வலிக்க நரம்பு ஏது? சிசிலி சாண்டர்ஸ், முதலில் நர்சாகவும் பிறகு மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன் பின் மருத்துவம் படித்து, 1967ல் லண்டனில் இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியவர், வலியை உடம்பு, மனம், சமூகம், ஆன்மா என்ற நான்கும் சேர்ந்த முழு வலியாகப் பார்க்கச் சொன்னார். வகுப்பில் இதை நடத்தும்போது எப்போதும் உடல்வலியில் ஆரம்பித்து மற்றதற்குப் போவோம். உடல்வலி சுழியமாக இருந்து மற்றது மட்டும் முழுதாக இருக்கிற ஒருவர் எப்படியிருப்பார் என்று அந்தக் கட்டிலில்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் பாட்டி வேறொரு மாணவியின் பொறுப்புக்கு வந்தார். இவள் தூத்துக்குடிக் கடலோரத்துக் கிறிஸ்தவப் பெண். இங்கே வந்த புதிதில் இவள் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது. பண்டிகை என்றால் இவளுக்குக் கொடியேற்றமும் சப்பரமும்தான். காப்புத் தெரியாது, கம்பம் தெரியாது. தெரியாததால் கேட்டாள். கட்டுப் பிரிக்கும் முன் பக்கத்தில் உட்கார்ந்து, "குண்டம்னா என்ன பாட்டி? எனக்குத் தெரியாது, எங்க ஊர்ல கிடையாது" என்றாள். எத்தனையோ பேர் கேட்ட 'எதுக்கு எறங்குனீங்க' என்ற கேள்வி இவளிடம் இல்லை. பாட்டி முதல் தடவையாகச் சுவரிலிருந்து திரும்பினார். பூச்சாட்டிலிருந்து ஆரம்பித்தார். காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக் கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, விறகைக் கரும்பு என்றுதான் சொல்ல வேண்டும், விரதம் சுத்தமாக இருந்தால் கங்கு பூவாக இருக்கும். இதைச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார். "எனக்குப் பூவா இல்லீங் கண்ணு. ஆத்தா சுட்டுப்போட்டா."

இந்த இடத்தில் எங்கள் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர், அப்படியெல்லாம் இல்லைங்க பாட்டி, உங்களுக்குக் காலில் உணர்ச்சி இல்லை, அதனால்தான் என்று நைலான் இழைச் சோதனையை விளக்கியிருப்பார்கள். மீதி ஒருத்தி சாமி பாத்துக்கும் என்றிருப்பாள். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். தூத்துக்குடிப் பெண் இரண்டையும் சொல்லவில்லை. "ஏன் பாட்டி சுட்டா?" என்றாள்.

பாட்டிக்கு ஓர் அக்கா இருந்திருக்கிறார். காட்டு வரப்புத் தகராறில் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய்ப் பல வருடம். காப்புக் கட்டியிருந்த நாட்களில் அக்கா இறந்துபோன செய்தி யார் மூலமாகவோ காதுக்கு வந்தது. மகன்கள் போகப் போவதில்லை. காப்பு இருப்பதால் இவரும் போகக் கூடாது. சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய், கூட்டத்தின் ஓரத்தில் நின்று அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரோடும் பேசாமல் திரும்பி, வழியில் வாய்க்காலில் தலைமுழுகி, ஈரப் புடவை காய்ந்த பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறார். அழவில்லை. அழுதால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. தீட்டோடு குண்டம் இறங்கினேன், அதனால் ஆத்தா சுட்டுவிட்டாள், ஊரும் அதைத்தான் பேசும், என்ன தப்பு என்று மட்டும் ஊருக்குத் தெரியாது. இதைச் சொல்லி முடித்துவிட்டு பாட்டி அவளைப் பார்த்து, "ஆத்தா என்னைய மன்னிச்சிருவாளா கண்ணு?" என்று கேட்டார்.

பத்தொன்பது வயதுப் பெண், வேறு மதம், வேறு ஊர். இவளிடம் வந்து விழுந்த கேள்வியைப் பாருங்கள். இவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எனக்குத் தெரியல பாட்டி. ஒங்க ஆத்தாளப் பத்தி ஒங்களுக்குத்தான தெரியும், நீங்க என்ன நெனைக்கீங்க?" பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளும் பொம்பளதான கண்ணு" என்றார். அப்புறம், "என்ற அக்காளுக்கு ஒருக்கா அழுகோணுங் சாமி" என்றார்.

மாணவி மறைப்புத் திரையை இழுத்துவிட்டு, கட்டுப் போடும் தட்டை எடுத்து வைத்தாள். புண்ணை உப்புநீரால் கழுவிக் கட்டுப் போட ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டாள். திரைக்கு உள்ளே பாட்டி அக்காவின் பெயரைச் சொல்லி ஒப்பாரியாக அழுதார். வார்டே, கட்டுப் பிரிக்கும் வலியில் கிழவி கத்துகிறது என்று நினைத்துக்கொண்டது. ஸ்டாஃப் வந்து எட்டிப் பார்த்து, வலி ஊசி போடச் சொல்லி டாக்டரிடம் கேட்கட்டுமா என்றார். வேண்டாம் சிஸ்டர், இப்ப முடிஞ்சிரும் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

இதை வெற்றிக் கதையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு விரல்களையும் எடுக்கத்தான் வேண்டியிருந்தது. சர்க்கரை இன்சுலினுக்குத்தான் இறங்கியது. பாட்டி அன்றிரவு சாப்பிட்டார், பிறகு ஊர்க்காரர்களைப் பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த வருடம் குண்டம் இறங்கக் கூடாது என்று டிஸ்சார்ஜ் நாளில் நாங்கள் சொன்னபோது சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் முழுக்க நம்பவில்லை.

எதை எழுதுவது

அந்தப் பெண் எழுதிய கேர் பிளான் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அதில் ஒரு பெரிய சிக்கலும் இருந்தது. நோயாளி சொன்னதை அவர் சொற்களிலேயே குறிக்க வேண்டும் என்பது விதி என்பதால், ஆங்கிலத்தில் எழுதிய தாளின் நடுவில் 'ஆத்தா சுட்டுப்போட்டா' என்று தமிழில் எழுதியிருந்தாள். அதுவரை சரி. அதற்குக் கீழே சந்தை, பஸ், அக்கா, வாய்க்கால் எல்லாம் இருந்தன. கேர் பிளான் நம் கையில் இருக்கிற பயிற்சித் தாள், பேரைக் கூட எழுதுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நாளைக்கு இவள் ஸ்டாஃப் ஆகி நர்சிங் குறிப்பில் இதையே எழுதினால், அந்தக் கோப்பு கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். மகன் படிப்பார், மருமகள் படிப்பார். இரத்த அழுத்தத்தை எழுதுவது போல இதை எழுத முடியாது. எழுதாமலும் விட முடியாது. எழுதாவிட்டால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் மறுபடியும் எதுக்கு எறங்குனீங்க என்று ஆரம்பிப்பார். நாங்கள் உட்கார்ந்து பேசி, கடைசியில் இப்படி வைத்தோம்: புண் வந்த விதம் குறித்து நோயாளிக்கு வழிபாடு சார்ந்த ஆழ்ந்த கவலை உள்ளது, நெருங்கிய உறவின் இழப்புத் துயரும் உள்ளது, புண்ணுக்கான காரணத்தை வார்டில் பலர் முன் கேட்க வேண்டாம், கட்டுப் போடும்போது திரை தேவை. இதில் இரகசியம் ஒன்றும் இல்லை, செய்ய வேண்டியது எல்லாம் இருக்கிறது. ஆன்மீகப் பராமரிப்பில் பிள்ளைகளுக்கு உண்மையாகவே சொல்லித்தர வேண்டிய பகுதி இதுதான் என்று இப்போது எனக்குப் படுகிறது.

கேள்விகளையும் சொல்லித்தரலாம். அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி வடிவமைத்த நான்கு கேள்வி முறை பாடத்தில் உண்டு: நம்பிக்கை என்ன, வாழ்க்கையில் அதற்கு எவ்வளவு இடம், எந்தச் சமூகத்தோடு சேர்ந்திருக்கிறீர்கள், சிகிச்சையில் அதற்காக நாங்கள் என்ன செய்ய வேண்டும். இதை நம் பிள்ளைகள் அப்படியே கொண்டுபோய், உங்களுக்குச் சாமி நம்பிக்கை இருக்குங்களா என்று ஒரு அப்பத்தாவிடம் கேட்டால், "இதென்ன கண்ணு கேள்வி, என்னையப் பாத்தா எப்படித் தெரியுது?" என்று திட்டு விழும். அந்தக் கேள்வி முறையில் குறை இல்லை. கேட்கும் வாய்க்கு ஏற்றபடி அதைப் பக்குவப்படுத்த வேண்டும். இந்த நோவு எதனால வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க என்ற ஒரு கேள்வியே நம் ஊரில் பாதிக் கதவைத் திறந்துவிடுகிறது. மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் க்ளைன்மன் 1970களிலேயே இதை முன்வைத்திருக்கிறார்.

பொய் சொல்லணுங்களா?

வார இறுதிக் கூட்டத்தில், நோயாளியின் அனுமதியோடும் பெயரின்றியும், இந்த விஷயத்தைப் பேசினோம். முதலில் கையைத் தூக்கியது அந்தக் கோபிப் பெண்தான். தயங்கித் தயங்கி அவள் கேட்டது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "மேடம், தீட்டோட எறங்குனது தப்புதானுங்களே? நானும் காப்புக் கட்டறவ. நான் அத நம்பறேன். அந்தப் பாட்டி என்னையக் கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருக்கோணும், பொய் சொல்லணுங்களா?"

வகுப்பு நிசப்தமாகிவிட்டது. சக ஆசிரியை சொன்ன கருத்துக்கு என்னிடம் இல்லாத பதில் இந்தப் பெண்ணிடம் இருந்தது. ஒரே நம்பிக்கைக்குள் இருப்பது உதவிதான். அதே சமயம், அந்த நம்பிக்கை நோயாளிக்குக் கொடுத்த தீர்ப்பையும் சேர்த்தே நர்ஸ் தலையில் சுமக்கிறாள். தூத்துக்குடிப் பெண்ணுக்கு அந்தச் சுமை இல்லை, அதனால் உட்கார முடிந்தது. அதற்காக, வேறு மதத்து நர்ஸ்தான் நல்ல ஆன்மீகப் பராமரிப்புத் தருவார் என்று சொல்லிவிடவும் முடியாது. தன் வேதத்தைக் கையோடு கொண்டுபோய், கேட்காத நோயாளிக்கு ஜெபம் செய்துவிட்டு வந்த மாணவியையும் நான் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறேன். கேட்டுக்கொண்டால் உடன் இருக்கலாம், நாமாகத் தரக் கூடாது என்பது எல்லா மதத்துக்கும் ஒரே விதி. கோபிப் பெண்ணுக்கு அன்று நான் சொன்னது, பொய் சொல்ல வேண்டியதில்லை, தீர்ப்பும் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை நம்முடையது என்று பாடத்திட்டத்தில் எங்கேயும் இல்லை என்பதுதான். அவள் முகத்தைப் பார்த்தால் ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. எனக்கும் அது முழுப் பதிலாகப் படவில்லை.

சில மாதம் கழித்து அவளுக்கு ஆண்கள் மருத்துவ வார்டில் ஒரு பெரியவர் வந்தார். ஈரோட்டுக்காரர், பெரியார் பிறந்த ஊரில் சின்ன வயதிலேயே கறுப்புச் சட்டை போட்டவர், ஈரல் கெட்டுப்போய்க் கடைசிக் கட்டம். முதலில் அவள் எழுதிக்கொண்டு வந்தது: நோயாளி நாத்திகர், ஆன்மீகத் தேவை எதுவும் இல்லை. கேட்டாயா என்றேன். போய்க் கேட்டுவிட்டு வந்தாள். பெரியவரிடம் சொல்ல நிறைய இருந்தது. தன் உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்த தாள் எந்தப் பீரோவில் இருக்கிறது, சடங்கு எதுவும் கூடாது என்று மகனிடம் சொல்லியும் அவன் கேட்பானா என்ற சந்தேகம், கட்சியில் கூட இருந்த நண்பர் ஒருவரைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசை. இதற்கு நடுவில் ஒரு காரியமும் வைத்தார். மயக்கத்தில் இருந்தபோது மனைவி மந்திரித்த கறுப்புக் கயிற்றை அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டுப் போயிருந்தார். "இதக் கழட்டிரு அம்மிணி" என்றார்.

அவள் கையிலும் அதே போலக் காப்புக் கயிறு இருந்தது. கழற்றிக் கொடுத்தாள். சாயங்காலம் அந்த அம்மா வந்து வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, யாரு கழட்டுனது என்று சத்தம் போட்டார். வேறு யாராவது என்று சொல்லியிருக்கலாம், விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். "ஐயா கழட்டச் சொன்னாருங்க, நாந்தானுங்க கழட்டுனேன். பத்திரமா வெச்சிருக்கறனுங்" என்று சொல்லி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்த கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா அவளையும் திட்டி, படுத்திருந்த கணவரையும் திட்டித் தீர்த்துவிட்டு, கயிற்றைக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் இறுக்கி முடிச்சுப் போட்டார். பெரியவர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கம்பிக்குக் கட்டுனாக் கட்டிக்கட்டும், அதுக்கென்ன கொள்கையா இருக்குது என்றாராம். தொற்றுத் தடுப்பு விதிப்படி அது அங்கே இருக்கலாமா என்று இரவு ஷிஃப்ட் ஸ்டாஃப் என்னைக் கேட்டார். ஸ்பிரிட் தொட்டு ஒருமுறை துடைத்துவிட்டு இருக்கட்டும் என்று சொன்னேன்.